ஒரே வரியில் இரண்டு பேரின் பெயரைக் கேட்டால் ஒருவர் பெயரே இரண்டு தடவை வருகிறது: சி நிரலில் பயனர் விவரம் எடுப்பது பற்றி

தாழம்பூ எழுதியது:

வணக்கம் நண்பர்களே. ஒரு கல்லூரியின் கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறேன், லினக்ஸ்தான் எல்லா இயந்திரத்திலும். மாணவர்கள் ஒரு பொது ஃபோல்டரில் அசைன்மென்ட் நிரல்களைப் போடுவார்கள். எந்தக் கோப்பு யாருடையது, எந்த இரண்டு கோப்புகள் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கின்றன என்று பார்த்துப் பட்டியல் போட ஒரு சி நிரல் இங்கே பல வருடமாக ஓடுகிறது. எழுதியவர் வேலை மாறிப் போய்விட்டார், இப்போது அதைக் கவனிப்பது என் பொறுப்பு. ஃபங்ஷன் பெயர்களை வாயால் சொல்கிற மாதிரியே தமிழில் எழுதுகிறேன், புரியும் என்று நினைக்கிறேன்.

முதல் சிக்கல். ஒன்றுபோல் இருக்கும் இரண்டு கோப்புகளைக் கண்டால் நிரல் ஒரே பிரின்ட்எஃப் வரியில், யுஐடி என்ற பயனர் எண்ணைக் கொடுத்தால் அவர் விவரத்தைத் தரும் கெட்பிடபிள்யூயுஐடி-யை இரண்டு தடவை கூப்பிட்டு, இரண்டு உரிமையாளர் பெயரையும் அச்சிடுகிறது. ஆனால் இரண்டு இடத்திலும் ஒரே பெயர்தான் வருகிறது. கோப்பின் விவரம் சொல்லும் ஸ்டாட் ஃபங்ஷன் கொடுக்கும் யுஐடி எண்கள் வெவ்வேறு, அதைச் சரிபார்த்துவிட்டேன். அதாவது ஒருவர் இன்னொருவரைப் பார்த்து எழுதியிருந்தால், பட்டியலில் அது ஒரே மாணவரின் இரண்டு பிரதி மாதிரித் தெரிகிறது. மதிப்பெண் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் இதை அப்படியே விட மனசு வரவில்லை.

இரண்டாவது, நிரலின் இன்னொரு பகுதி, பயனர் கணக்குகள் எழுதியிருக்கும் /ஈடிசி/பாஸ்வேர்டு கோப்பை நேராகத் திறந்து, வரி வரியாகப் படித்து, ஸ்டிர்டோக் வைத்து முக்காற்புள்ளியில் வெட்டி ஹோம் டைரக்டரியை எடுக்கிறது. மாணவர் கணக்குகளை மையச் சர்வருக்கு, அதாவது எல்டாப்புக்கு, மாற்றியதிலிருந்து ஒரு மாணவரையும் அது கண்டுபிடிப்பதில்லை. அதற்கு முன்பும் சிலருக்கு மட்டும் ஹோம் டைரக்டரி இடத்தில் ஷெல்லின் பாதை வந்திருக்கிறது, ஏனென்று புரியவில்லை.

மூன்றாவது, இதை டாக்கர் கன்டெய்னருக்குள் ஓட்டிப் பார்த்தேன். எடுத்த எடுப்பிலேயே செக்மென்டேஷன் ஃபால்ட்.

எதை எப்படி மாற்ற வேண்டும்? ஒட்டுப்போடாமல் முறையாகச் செய்ய ஆசைப்படுகிறேன்.

சுட்டிவேலன் எழுதியது:

முதல் சிக்கலுக்குப் பதில் சொல்கிறேன், மூன்றாவதும் அதோடு சேர்ந்து வந்துவிடும்.

கெட்பிடபிள்யூயுஐடி உங்களுக்கென்று தனியாக நினைவிடம் ஒதுக்கித் தருவதில்லை. லைப்ரரிக்குள்ளேயே ஒரே ஒரு ஸ்டேட்டிக் இடம் இருக்கும், அதில் விவரத்தை எழுதிவிட்டு அதன் முகவரியைத் தருகிறது. அடுத்த தடவை கூப்பிட்டால் அதே இடத்தின்மேல் எழுதும். பெயரை வைத்துத் தேடும் கெட்பிடபிள்யூநேம், கணக்குகளை ஒவ்வொன்றாகத் தரும் கெட்பிடபிள்யூஎன்ட் இரண்டும்கூட அந்தப் பழைய பதிலை அழித்துவிடலாம் என்றுதான் கையேடு சொல்கிறது. உங்கள் வரியில் பிரின்ட்எஃப் ஓடத் தொடங்குவதற்கு முன்பே இரண்டு அழைப்புகளும் முடிந்துவிடுகின்றன, அதற்குக் கிடைக்கும் இரண்டு பாயின்டர்களும் ஒரே இடத்தைக் காட்டுகின்றன. கடைசியாக எந்த அழைப்பு ஓடியதோ அந்தப் பெயர் இரண்டு இடத்திலும் வரும். ஆர்கியுமென்ட்களை எந்த வரிசையில் கணக்கிட வேண்டும் என்று சி தரநிலை கட்டாயப்படுத்தவில்லை. அதனால் ஜிசிசியில் ஒருவர் பெயரும் கிளாங்கில் மற்றவர் பெயரும் வந்தாலும் ஆச்சரியமில்லை. யார் மேல் பழி விழுகிறது என்பதைக் கம்பைலர் தீர்மானிக்கும் நிலைமை இது, நீங்கள் கவலைப்படுவது முழுக்க நியாயம்.

இதைச் சரிசெய்கிறேன் என்று பலரும் அடுத்ததாக, விவரம் வரும் ஸ்ட்ரக்ட் பாஸ்வேர்டை அப்படியே இன்னொரு மாறிக்கு அசைன் செய்வார்கள். அது போதாது. ஸ்ட்ரக்ட்டுக்குள் யுஐடி, ஜிஐடி (குரூப் எண்) இரண்டும் எண்கள், அவை ஒழுங்காக நகலாகும். பெயர், ஹோம் டைரக்டரி, ஷெல் எல்லாம் கேரக்டர் பாயின்டர்கள். நகலெடுத்த பிறகும் அவை லைப்ரரியின் அதே பழைய இடத்தைத்தான் காட்டிக்கொண்டிருக்கும். பார்த்தால் எண் முதல் மாணவருடையது, பெயர் இரண்டாவது மாணவருடையது என்று கலந்துபோன ஒரு ரெக்கார்ட் கையில் இருக்கும். முதலில் வந்த பிழையைவிட இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். பெயர் மட்டும் வேண்டுமென்றால் வந்த உடனே ஸ்டிர்டப் செய்து, அதாவது தனி இடத்தில் நகலெடுத்து, வைத்துக்கொள்ளுங்கள், வேலை முடிந்ததும் அந்த நகலை ஃப்ரீ செய்யுங்கள். லைப்ரரி தந்த பாயின்டரை மட்டும் ஒருபோதும் ஃப்ரீ செய்யாதீர்கள்.

ஒரே நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் த்ரெட்கள் இருந்தால் ஸ்டிர்டப்பும் காப்பாற்றாது, நீங்கள் நகலெடுக்கிற நேரத்தில் இன்னொரு த்ரெட் அங்கே எழுதிக்கொண்டிருக்கலாம். அதற்குத்தான் ஆர் வடிவம், கெட்பிடபிள்யூயுஐடி_ஆர். இதற்கு ஐந்து ஆர்கியுமென்ட்: யுஐடி, விவரம் நிரப்ப வேண்டிய ஸ்ட்ரக்ட்டின் முகவரி, எழுத்துச்சரங்கள் போய் உட்கார ஒரு பஃபர், அந்த பஃபரின் அளவு, கடைசியாக முடிவைத் தர ஒரு பாயின்டரின் முகவரி. பஃபர் உங்களுடையது, அதனால் யாரும் குறுக்கே வந்து அழிக்க முடியாது. அது இருக்கும்வரைதான் பெயரும் இருக்கும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். ஃபங்ஷனுக்குள் லோக்கல் அரேயாக பஃபர் வைத்துவிட்டு ஸ்ட்ரக்ட்டை மட்டும் வெளியே திருப்பி அனுப்பினால் கதை பழையபடி ஆகிவிடும்.

பஃபர் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று சிஸ்கான்ஃப் ஃபங்ஷனிடம் கேட்கலாம். லினக்ஸின் வழக்கமான சி லைப்ரரியான ஜிலிப்சி 1024 என்று சொல்லும். சில அமைப்புகளில் -1 வரும், அப்போது நீங்களே 16384 மாதிரி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண் தொடங்குவதற்கான யோசனை மட்டும்தான், மேல்வரம்பு இல்லை. போதாவிட்டால் ஃபங்ஷன் ஈரேஞ்ச் என்ற பிழை எண்ணைத் திருப்பும். பஃபரை இரண்டு மடங்காக்கி மறுபடி கூப்பிடுங்கள். ஒரு லூப்பில் போட்டு, ஒரு எம்பி தாண்டினால் நிறுத்திவிடலாம்.

இப்போது மூன்றாவது சிக்கல். ஆர் வடிவம் பிழை எண்ணை ரிட்டர்ன் வேல்யூவாகவே தருகிறது, எர்நோ என்ற பிழை மாறியைப் பார்க்க வேண்டாம். 0 வந்து முடிவுப் பாயின்டரும் இருந்தால் ஆள் கிடைத்துவிட்டார். 0 வந்து முடிவு நல், அதாவது வெற்றுப் பாயின்டர், என்றால் அப்படி ஒரு கணக்கே இல்லை. 0 தவிர வேறு எண் வந்தால் தேடுவதிலேயே ஏதோ கோளாறு. பழைய நிரல் இந்த மூன்றையும் பார்க்காமல், வந்த பாயின்டருக்குப் பின்னால் அம்புக்குறி போட்டுப் பெயரை எடுத்திருக்கும். கன்டெய்னரில் நல் வந்திருக்கும், விழுந்துவிட்டது.

ஆர் இல்லாத வடிவத்திலும் இதைப் பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு: கூப்பிடும் முன் எர்நோவை 0 ஆக்கிவிட்டு, நல் வந்தால் எர்நோவைப் பாருங்கள். ஆனால் ஆள் இல்லாதபோது எர்நோ 0 ஆகவே இருக்கும் என்று நம்பி எழுத முடியாது. சில அமைப்புகள் ஈநோஎன்ட், ஈஎஸ்ஆர்சிஹெச், ஈபிஏடிஎஃப், ஈபெர்ம் என்று எதையாவது வைத்துவிடும் என்று லினக்ஸ் கையேடே சொல்கிறது. உங்கள் விஷயத்தில் ‘மாணவர் இல்லை’ என்பதும் ‘சர்வர் பதில் சொல்லவில்லை’ என்பதும் ஒரே வரியாக அச்சாகக் கூடாது. ஆர் வடிவத்தையே எடுங்கள்.

கடலோரக்காற்று எழுதியது:

சிஸ்டம் அட்மின் வேலையில் இருக்கிறேன், இரண்டாவது கேள்விக்கு என் பங்கு.

முதலில் அந்த ஸ்டிர்டோக் மர்மம். பாஸ்வேர்டு கோப்பின் ஒரு வரியில் ஏழு புலங்கள்: பெயர், கடவுச்சொல் இருந்த இடத்தில் இப்போது எக்ஸ் என்ற ஒற்றை எழுத்து, யுஐடி, ஜிஐடி, ஜீகாஸ் என்கிற குறிப்பு, ஹோம், ஷெல். ஒரு மாணவருக்கு முழுப்பெயர் எதுவும் கொடுக்காமல் கணக்குத் தொடங்கியிருந்தால் ஐந்தாவது புலம் காலியாக இருக்கும், வரி இப்படித் தெரியும்:

மாறன்:எக்ஸ்:1004:1004::/ஹோம்/மாறன்:/பின்/பாஷ்

அடுத்தடுத்து இரண்டு முக்காற்புள்ளி இருக்கிறது பாருங்கள். ஸ்டிர்டோக் அதை ஒரே பிரிப்பானாக எடுத்துக்கொண்டு தாண்டிவிடும், காலிப் புலத்தை அது திருப்பித் தராது. அதனால் ஹோம் ஐந்தாவதாகவும் ஷெல் ஆறாவதாகவும் ஒரு படி முன்னால் நகர்ந்துவிடும். ஆறாவதைக் கேட்ட உங்கள் நிரலுக்கு ஷெல்லின் பாதை கிடைத்திருக்கிறது. ஸ்டிர்செப் காலிப் புலத்தையும் தரும், ஆனால் அதை மாற்றிப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். கோப்பை நேராகப் படிப்பதையே விட்டுவிட வேண்டும்.

ஏனென்றால் அந்தக் கோப்பு கணக்குகள் இருக்கும் பல இடங்களில் ஒன்று மட்டும். கெட்பிடபிள்யூநேம் என்று கேட்டால் ஜிலிப்சி முதலில், எங்கெங்கே தேட வேண்டும் என்று சொல்லும் என்எஸ்ஸ்விட்ச் கான்ஃப் கோப்பைப் பார்க்கும். அதில் பாஸ்வேர்டு என்று தொடங்கும் வரியில் ஃபைல்ஸ், எஸ்எஸ்எஸ் என்று இருந்தால் முதலில் உள்ளூர்க் கோப்பு, அங்கே இல்லாவிட்டால் எஸ்எஸ்எஸ்டி என்ற பின்னணிச் சேவை வழியாக எல்டாப் சர்வர் என்று அர்த்தம். சன் நிறுவனம் சோலாரிஸில் கொண்டுவந்த ஏற்பாடு இது, லினக்ஸிலும் அதே பாணி. எல்டாப் இல்லாத இயந்திரத்தில்கூட இது தேவைப்படுகிறது: சர்வீஸ்களை நடத்தும் சிஸ்டம்டி ஒரு சர்வீஸுக்குத் தற்காலிகமாகக் கொடுக்கும் டைனமிக் யூசர்களை, 61184 முதல் 65519 வரையிலான எண்களில், எந்தக் கோப்பிலும் எழுதி வைப்பதில்லை. மேக்கில் பாஸ்வேர்டு கோப்பின் தலையிலேயே எழுதியிருக்கிறது, சிங்கிள் யூசர் நிலையில் மட்டும்தான் இது நேரடியாகப் படிக்கப்படும், மற்ற நேரத்தில் ஓபன் டைரக்டரிதான் தகவல் தரும் என்று. ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு செயலிக்கும் ஒரு யுஐடி, பெயரை எண்ணிலிருந்து லைப்ரரியே உருவாக்கித் தருகிறது.

நிரலைத் தொடும் முன் டெர்மினலில் கெட்என்ட் பாஸ்வேர்டு என்று போட்டுப் பக்கத்தில் ஒரு மாணவரின் பெயரைக் கொடுத்துப் பாருங்கள். நிரல் கேட்கும் அதே வழியில்தான் கெட்என்ட்டும் கேட்கிறது. அங்கே வரி வந்தால் சி நிரலிலும் வரும். வராவிட்டால் நிரலில் தேடிப் பயனில்லை, அமைப்பைப் பாருங்கள். பெயருக்குப் பதில் எண்ணைக் கொடுத்தாலும் தேடும்.

எண் என்றதும் ஒரு எச்சரிக்கை, உங்கள் ஆய்வகத்துக்கு இது முக்கியம். யாரோ ஒருவர் அந்த இயந்திரத்தில் மட்டும் ஒரு உள்ளூர்க் கணக்கைத் தொடங்கியிருக்கிறார், அதற்கு 1004 கிடைத்திருக்கிறது, எல்டாப்பிலும் ஒரு மாணவருக்கு 1004 இருக்கிறது என்று வையுங்கள். கோப்பு வரிசையில் முன்னால் இருப்பதால் கெட்பிடபிள்யூயுஐடி உள்ளூர்ப் பெயரைத் தந்துவிடும். நிரல் சுத்தமாக இருந்தாலும் பட்டியல் தப்பாக வரும். உள்ளூர்க் கணக்குகள் பெரும்பாலும் 1000-இலிருந்து தொடங்கும். எல்டாப் கணக்குகளை 10000-க்கு மேல் எங்காவது தள்ளி வைத்திருக்கிறார்களா என்று உங்கள் அட்மினிடம் கட்டாயம் கேளுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம். எல்லா மாணவரையும் பட்டியல் எடுக்கலாம் என்று செட்பிடபிள்யூஎன்ட், கெட்பிடபிள்யூஎன்ட், எண்ட்பிடபிள்யூஎன்ட் மூன்றையும் வைத்து ஒரு லூப் எழுதினால் உள்ளூர்க் கணக்குகள் மட்டும் வந்து நின்றுவிட வாய்ப்பு அதிகம். எஸ்எஸ்எஸ்டியில் இப்படி மொத்தமாக வாசிக்கும் வசதி இயல்பாக அணைத்து வைக்கப்பட்டிருக்கும், பெரிய டைரக்டரியில் அது சர்வரைத் திணற வைக்கும் என்பதால். பெயர் சொல்லிக் கேட்டால் மட்டும் தரும். அப்புறம், நிரலை ஸ்டேட்டிக்காக லிங்க் செய்து எல்லா இயந்திரத்துக்கும் காப்பி அடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். ஜிலிப்சியோடு அப்படிச் செய்தால், ஓடும்போது அதே பதிப்பு ஷேர்டு லைப்ரரிகள் தேவைப்படும் என்று லிங்கர் எச்சரிக்கும். தேடும் மாட்யூல்களை அது ஓடும்போதுதான் ஏற்றுகிறது, அதனால் இந்த எச்சரிக்கையை ஒதுக்கிவிடக் கூடாது. டைனமிக்காகவே வைத்திருங்கள். ஆல்பைன் லினக்ஸின் கன்டெய்னர் இமேஜில் ஜிலிப்சிக்குப் பதிலாக இருக்கும் மசல் லைப்ரரிக்கு என்எஸ்ஸ்விட்ச் என்ற ஏற்பாடே கிடையாது. ஆய்வக இயந்திரத்தில் ஓடிய நிரல் அங்கே ஒரு எல்டாப் பயனரையும் காணாமல் போனால் காரணம் அதுதான்.

நிரலோடி எழுதியது:

இவ்வளவு தேவையா? ஓட்டுகிறவர் பெயர் வேண்டுமென்றால் கெட்என்வ் வைத்து யூசர் மாறியைப் படித்தால் போதும். மற்றவர்களுக்குப் பிஓபன் மூலம் ஐடி கட்டளையை ஓட்டி வரும் வரியைப் படித்துக்கொள்ளலாம். நான் ஸ்கிரிப்ட்களில் அப்படித்தான் செய்கிறேன், ஓடுகிறது.

சுட்டிவேலன் எழுதியது:

ஸ்கிரிப்டுக்குச் சரி சகோ, இங்கே வேண்டாம் என்பேன். யூசர் மாறியை யார் வேண்டுமானாலும் ஒரு எக்ஸ்போர்ட் வரியில் மாற்றிவிடலாம், மதிப்பெண் பட்டியலுக்கு அது ஆதாரமாகாது. ஐடி கட்டளை கடைசியில் கூப்பிடுவதும் இதே ஃபங்ஷன்களைத்தான். ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு ஷெல், ஒரு புதிய ப்ராசஸ் என்று ஆயிரக்கணக்கில் கிளப்புவதோடு, பெயரில் ஒரு விசித்திர எழுத்து வந்தால் ஷெல் அதை எப்படி எடுத்துக்கொள்ளுமோ என்ற பயமும் சேர்ந்துகொள்ளும்.

வேகம் வேண்டுமென்றால் ஒருமுறை கேட்ட யுஐடிக்கு வந்த பெயரை ஒரு சின்ன டேபிளில் போட்டு வைத்துக்கொண்டு அடுத்த தடவை அதிலிருந்தே எடுங்கள். குனூ எல்எஸ் இதைத்தான் செய்கிறது. ஒரே மாணவரின் கோப்பு நூறு இருந்தால் சர்வரிடம் நூறு தடவை போக வேண்டியதில்லை. பெயர் கிடைக்காத எண்ணையும் ‘இல்லை’ என்று குறித்து வையுங்கள், அதையே திரும்பத் திரும்பத் தேடாது. ஆனால் பிழை வந்த எண்ணை அப்படிக் குறிக்காதீர்கள், சர்வர் ஒரு நிமிடம் கழித்து எழுந்துவிடலாம்.

தாழம்பூ எழுதியது:

சுட்டிவேலன் அண்ணா, கடலோரக்காற்று அண்ணா, இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஆர் வடிவத்துக்கு மாற்றி, லூப் போட்டு, டேபிளும் வைத்துவிட்டேன். இப்போது இரண்டு பெயரும் சரியாக வருகின்றன. கெட்என்ட்டில் எண்ணைக் கொடுத்துத் தேடியதில் இரண்டு இயந்திரங்களில் உள்ளூர்க் கணக்கு ஒரு மாணவரின் எண்ணோடு மோதுவதும் தெரிந்தது. அட்மினிடம் சொல்லிவிட்டேன்.

இன்னும் ஒன்று பாக்கி. யார் இந்த அறிக்கையை ஓட்டினார்கள் என்று லாகில் எழுத நிரல் கெட்லாகின் ஃபங்ஷனைக் கூப்பிடுகிறது. கையால் ஓட்டினால் பெயர் வருகிறது. சிஸ்டம்டி டைமரில் போட்டால் நல் வருகிறது. சூடோ போட்டு ஓட்டினால் ரூட் என்று வரும் என எதிர்பார்த்தேன், என் பெயரே வருகிறது. மூன்று இடத்தில் மூன்று மாதிரி நடப்பதால் எதை நம்புவது என்று தெரியவில்லை. அதோடு, கன்டெய்னருக்குள் பாஷ் ஓட்டினால் பயனர் பெயர் வர வேண்டிய இடத்தில் ‘எனக்குப் பெயர் இல்லை’ என்கிற மாதிரி ஆங்கிலத்தில் ஒன்று வருகிறது, அது என்ன?

எண்ணெய்விளக்கு எழுதியது:

தாழம்பூ, ‘யார்’ என்ற கேள்விக்கு யூனிக்ஸில் ஒன்றுக்கு மேற்பட்ட பதில் உண்டு. நிரலுக்கு எது தேவை என்று முதலில் தீர்மானித்துக்கொண்டால் ஃபங்ஷன் தானாகக் கிடைத்துவிடும்.

கெட்யுஐடி தருவது ரியல் யுஐடி, ப்ராசஸை ஓட்டியவர். கெட்ஈயுஐடி தருவது எஃபெக்டிவ் யுஐடி, கெர்னல் அனுமதி பார்க்கும்போது யாரென்று எடுத்துக்கொள்கிறதோ அவர். சாதாரணமாக இரண்டும் ஒன்றுதான். செட்யுஐடி பிட் போட்ட, அதாவது கோப்பின் உரிமையாளர் அதிகாரத்தோடு ஓடும், நிரலில் பிரியும்: ஒரு மாணவர் பாஸ்வேர்டு மாற்றும் கட்டளையை ஓட்டினால் ரியல் யுஐடி அவருடையது, எஃபெக்டிவ் 0. இந்த இரண்டு ஃபங்ஷன்களும் தோல்வியடைவதே இல்லை, எண் எப்போதும் கிடைக்கும். அந்த எண்ணுக்குப் பெயர் கிடைக்குமா என்பதுதான் வேறு விஷயம்.

சூடோவில் இரண்டுமே 0 ஆகிவிடும். கெட்லாகின் பார்ப்பது வேறு ஒன்றை: இந்த செஷனுக்குள் முதலில் லாகின் செய்து வந்தவர் யார் என்பதை. லினக்ஸில் ஜிலிப்சி இதற்கு முதலில் ப்ராக் அடைவில் இருக்கும் லாகின்யுஐடி என்ற கோப்பைப் படிக்கிறது. ஒருவர் லாகின் ஆகும்போது அதில் எண் ஏறும், பிறகு சூடோ, எஸ்யு எது போட்டாலும் அது மாறாது. சூடோவிலும் உங்கள் பெயரே வந்ததற்குக் காரணம் இதுதான். டைமர் ஓட்டும் சர்வீஸில் யாரும் லாகின் ஆகவில்லை, அங்கே லாகின்யுஐடி 4294967295 என்று இருக்கும். அதாவது -1, எதுவும் ஏறவில்லை என்று பொருள். நல் வருவதுதான் அங்கே சரியான பதில். மசல் லைப்ரரியில் கெட்லாகின் வெறுமனே லாக்நேம் சூழல் மாறியைப் படித்துத் தருகிறது, அதை நம்பி எதையும் அனுமதிக்கக் கூடாது. இணையத்தில் எங்காவது கியூசர்ஐடி என்ற ஃபங்ஷனை யாராவது பரிந்துரைத்தால் தொடாதீர்கள். ரியல் யுஐடியா எஃபெக்டிவா என்பதில் அமைப்புக்கு அமைப்பு வேறுபட்டு, 1988-ஆம் ஆண்டு பாசிக்ஸ் தரநிலையில் இருந்து 1990-இல் எடுக்கப்பட்ட ஒன்று அது.

உங்கள் லாகுக்கு நான் செய்வது இப்படி இருக்கும்: கெட்யுஐடி எண்ணை எப்போதும் எழுதுவேன், பெயர் கிடைத்தால் பக்கத்தில் போடுவேன், கெட்லாகின் ஏதாவது தந்தால் ‘லாகின் செய்தவர்’ என்று தனிப் புலமாகச் சேர்ப்பேன். ஒன்றை இன்னொன்றின் இடத்தில் வைக்க மாட்டேன்.

கன்டெய்னர் விஷயமும் இதன் தொடர்ச்சிதான். டாக்கரில் யூசர் என்று வெறும் எண்ணைக் கொடுத்து ஓட்டினால், கெர்னலுக்கு அந்த எண் போதும், ப்ராசஸ் ஓடும். இமேஜுக்குள் இருக்கும் பாஸ்வேர்டு கோப்பில் அந்த எண்ணுக்கு வரி இல்லை, அதனால் பாஷுக்குப் பெயர் கிடைக்கவில்லை, அதைத்தான் ப்ராம்ப்ட்டில் சொல்கிறது. கன்டெய்னர்களை நடத்தும் ஓபன்ஷிஃப்ட் மாதிரி இடங்களில் எண்ணே ஒவ்வொரு ப்ராஜெக்ட்டுக்கும் வேறாக வரும். எனவே பெயர் கிடைக்காவிட்டால் எண்ணையே அச்சிட்டுத் தொடருங்கள், எல்எஸ் அப்படித்தான் செய்கிறது.

ஹோம் டைரக்டரி எடுப்பதிலும் கவனம் தேவை. ஓட்டுகிறவரின் ஹோம் வேண்டுமென்றால் முதலில் ஹோம் சூழல் மாறியைப் பாருங்கள், பயனர் வேண்டுமென்றே அதை மாற்றி வைத்திருக்கலாம், அந்த விருப்பத்தை மதிக்க வேண்டும் என்றுதான் கையேடும் சொல்கிறது. அது இல்லாவிட்டால் மட்டும் ஸ்ட்ரக்ட்டில் இருப்பதை எடுங்கள். இன்னொருவரின் ஹோம் என்றால் கெட்பிடபிள்யூநேம்தான் வழி. செட்யுஐடி நிரலாக இருந்தால் சூழல் மாறி எதையும் நம்ப வேண்டாம்.

கடலோரக்காற்று எழுதியது:

ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. அந்த நிரல் குரூப்பையும் பார்க்கிறதென்றால், அதாவது ‘இந்த மாணவர் இந்த வகுப்பைச் சேர்ந்தவரா’ என்று கேட்கிறதென்றால், கெட்ஜிஆர்நேம் தரும் உறுப்பினர் பட்டியலை மட்டும் தேடிப் பார்க்காதீர்கள். ஒருவருக்கு அது முதன்மைக் குரூப்பாக இருந்தால் அந்தப் பட்டியலில் அவர் பெயர் பெரும்பாலும் இருக்காது, அவருடைய பாஸ்வேர்டு வரியின் ஜிஐடியில் மட்டும்தான் அது பதிவாகியிருக்கும். வகுப்பையே முதன்மைக் குரூப்பாக வைத்திருந்தால் மொத்த வகுப்பும் காலியாகத் தெரியும், ஒருவரும் சேரவில்லை என்று அறிக்கை வரும். கெட்குரூப்லிஸ்ட் என்று ஒன்று இருக்கிறது, பெயரையும் முதன்மை ஜிஐடியையும் கொடுத்தால் எல்லாக் குரூப்பையும் சேர்த்துத் தரும். கெட்குரூப்ஸ் அது இல்லை, அது ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸின் குரூப்களை மட்டும் சொல்லும். பெரிய குரூப்புக்குக் கெட்ஜிஆர்ஜிஐடி_ஆர் கூப்பிட்டால் 1024 பைட் நிச்சயம் போதாது, உறுப்பினர் பெயர்கள் எல்லாம் அதே பஃபருக்குள்தான் வர வேண்டும். சுட்டிவேலன் சொன்ன இரட்டிப்பு லூப் அங்கே உண்மையாகவே ஓடும்.

எண் மோதலை அட்மின் சரிசெய்த பிறகும் பழைய பெயரே கொஞ்ச நேரம் வரலாம், பதற வேண்டாம். எஸ்எஸ்எஸ்டி ஒருமுறை வாங்கிய விவரத்தை இயல்பாக 5400 விநாடி, அதாவது ஒன்றரை மணி நேரம், கேஷில் வைத்திருக்கும்.

தாழம்பூ எழுதியது:

குரூப் பகுதியும் நீங்கள் சொன்ன மாதிரியேதான் இருந்தது, மாற்றுகிறேன். கடைசியாக ஒரு சின்னக் கேள்வி: பெயர் இல்லாத கணக்குகளுக்கு எண்ணை அச்சிடும்போது ஒரு இடத்தில் -2 என்று வருகிறது. யுஐடி மைனஸில் இருக்குமா?

சுட்டிவேலன் எழுதியது:

இருக்காது. யுஐடி_டி லினக்ஸில் 32 பிட் அன்சைன்ட் எண், நிரலில் பர்சென்ட் டி போட்டு அச்சிட்டிருப்பார்கள், அதனால் 4294967294 என்பது -2 ஆகத் தெரிகிறது. மேக்கில் நோபடி கணக்கின் எண் -2 என்றே வைத்திருக்கிறார்கள், நெட்வொர்க் வழியாகக் கோப்பு பகிரும் பழைய என்எஃப்எஸ் சர்வர்களிலும் அது வரும். அந்தக் கோப்பு மேக்கிலிருந்தோ என்எஃப்எஸ் வழியாகவோ வந்திருக்கிறதா என்று பாருங்கள். அச்சிடும்போது அன்சைன்ட் லாங்காக காஸ்ட் செய்து பர்சென்ட் எல்யு போடுங்கள்.